ஆளில்லாத நிலம் எண்டு ஆர் சொன்னது?

பயணம் முடிஞ்சுது. அடிலெயிட்டில் வெளிக்கிட்டு, கண்டத்தின் நடுவால் கத்தரின் வரை ஏறி, அங்கிருந்து மேற்கே திரும்பி டேர்பி, புறூம், பேர்த், பிறகு நலர்போர் வெளியால் மறுபடியும் அடிலெயிட். ஒன்பதாயிரத்துச் சொச்சம் கிலோமீற்றர், ஐந்து கிழமை, ஒரு பழைய சுசுகி டிஆர் 650, இரண்டு பின் ரயர். கணக்கு இவ்வளவுதான். "முடிச்சிட்டியள், அனுபவத்தை எழுதுங்கோவன்" எண்டு கேட்டவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது அனுபவக் கட்டுரை இல்லை. எனக்கு ஒரு கோபம் இருக்கு. அதைத்தான் எழுதப்போகிறேன்.

கோபம் ரோட்டில் இல்லை, மோட்டார் சைக்கிளிலும் இல்லை. இப்படியான பயணங்களை முடித்துப்போட்டு எங்கட ஆக்கள் அதைச் சொல்லுகிற விதத்தில்தான். நீங்களும் பார்த்திருப்பீர்கள். மேலேயிருந்து ட்ரோன் எடுத்த படம்: சிவப்பு மண், நூல் பிடிச்ச மாதிரி ஒரு ரோட்டு, நடுவில் எறும்பு போல ஒரு பைக். பின்னால் ஒரு பாட்டு. "மக்களே, ஐந்நூறு கிலோமீற்றருக்கு இஞ்ச ஒரு மனிசக் குஞ்சு இல்லை" எண்டு ஒரு குரல். கடைசியில் டார்வின் பெயர்ப்பலகைக்கு முன்னால் ஹெல்மெற்றைத் தூக்கிப் பிடித்து ஒரு போஸ். தலைப்பு: கண்டத்தை வென்ற தமிழன்.

ஆரை வென்றீர்கள்? ஸ்ருவேர்ட் நெடுஞ்சாலை 1987 ஆம் ஆண்டே முனைக்கு முனை தார் போட்டு முடிந்த ரோட்டு. தென் அவுஸ்திரேலியாவில் 110, வட பிரதேசத்தில் பல துண்டுகளில் 130 வரை சட்டப்படியே ஓடலாம். இருநூறு, இருநூற்றைம்பது கிலோமீற்றருக்கு ஒரு ரோட்ஹவுஸ், அதில் பெற்றோலும் பொரிச்ச உருளைக்கிழங்கும் சூடான கோப்பியும் குளிக்க வெந்நீரும் உண்டு. வென்றது எண்டால் தார் ஊத்தினவன் வென்றது.

ஓடுறது லேசான வேலை எண்டு நான் சொல்ல வரேல்லை. அப்படிச் சொன்னால் என்ர முதுகே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லும். மூன்று பெட்டி பூட்டின ரோட் ட்ரெயின் 53.5 மீற்றர் நீளம். அது எதிரே வந்து உங்களைக் கடக்கிற அந்த ஒரு செக்கனில் காற்று முதலில் நெஞ்சில் அடிக்கும், பிறகு பின்னால் இழுக்கும். நலர்போரில் பக்கக் காற்று விடாமல் அடிக்கிற நாட்களில் நேர் ரோட்டிலேயே பைக்கைச் சரிச்சுப் பிடிச்சுத்தான் ஓடவேணும். ஒரு நாள் முழுக்க அப்படி ஓடிப்போட்டு இறங்கினால் தரையே சரிஞ்ச மாதிரித் தெரியும். பொழுதுபடுகிற நேரம் கங்காரு எந்தப் பத்தையில் இருந்து பாயும் எண்டு தெரியாது. அதனால் நாலரை மணிக்கே நிப்பாட்டிவிடுவோம். கிளென்டம்போவில் இருந்து கூபர் பீடி வரைக்கும் சுமார் 250 கிலோமீற்றருக்குப் பெற்றோல் இல்லை. டிஆர் 650 இன் சொந்த ராங் 13 லீற்றர். காற்று எதிர்த்தால் அது காணாது. அந்த ஒரு துண்டுக்காகவே பெரிய ராங் மாற்றினேன். இதையெல்லாம் எழுதலாம், எழுதவும் வேணும், அடுத்தவனுக்கு உதவும். ஆனா இதே 250 கிலோமீற்றரில் ரோட்டோரம் வேறொன்றும் இருக்கிறது. அதை ஒரு வீடியோவிலும் நான் காணேல்லை.

அது ஒரு பலகை. நீங்கள் இப்ப வூமெரா தடைசெய்யப்பட்ட பிரதேசத்துக்குள் போகிறீர்கள், நெடுஞ்சாலையை விட்டு விலகக்கூடாது எண்டு அதில் இருக்கிறது. பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆயுதப் பரிசோதனை நிலம். பரப்பு சுமார் 122,000 சதுர கிலோமீற்றர். எங்கட முழுத் தீவும் 65,610. யோசிச்சுப் பாருங்கோ, பருத்தித்துறையில் இருந்து தெய்வேந்திரமுனை வரைக்கும் கிட்டத்தட்ட இரண்டு தரம் உள்ளுக்குள் அடங்கும் ஓர் உயர் பாதுகாப்பு வலயம். அதன் நடுவால் ஒரு ரோட்டை மட்டும் எங்களுக்கு விட்டிருக்கிறார்கள். வலிகாமம் வடக்கில் 1990 இல் வெளிக்கிட்ட சனத்தில் ஒரு பகுதி இன்னும் தங்கட வளவுக்குத் திரும்பேல்லை. கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நிண்டு தன்ர வீட்டு மாமரத்தை எட்டிப் பார்த்த மனிசரின் பிள்ளைகள் நாங்கள். அப்படியானவர்கள் இந்தப் பலகையைக் கடக்கும்போது கமராவை நிப்பாட்டிவிட்டு, பிறகு "ஒரு மனிசர் இல்லை" எண்டு சொல்லுவதைத்தான் என்னால் பொறுக்க ஏலாமல் இருக்கிறது.

மனிசர் இல்லை எண்டு முதல் சொன்னது யூரியூப்காரர் இல்லை. 1947 இல் பிரித்தானியாவும் அவுஸ்திரேலியாவும் சேர்ந்து ரொக்கெற் பரிசோதனைக்கு இந்த நிலத்தைத் தெரிவு செய்தபோது அவர்கள் சொன்ன நியாயம் அதுதான். 1953 ஒக்ரோபரில் ஈமு பீல்ட் எண்ட இடத்தில் இரண்டு அணுகுண்டு வெடித்தார்கள். 1956, 57 இல் மரலிங்காவில் இன்னும் ஏழு. அதுக்குப் பிறகும் 1963 வரை சின்னச் சின்னப் பரிசோதனை எண்ட பெயரில் புளுட்டோனியத்தை மண்ணில் தூவிவிட்டார்கள். இந்தப் பெருநிலத்தில் வாழ்ந்த ஆதிக்குடிகளுக்கு எச்சரிக்கை சொல்ல ஆரம்பத்தில் நியமித்தது ஒரே ஒரு ரோந்து அலுவலரை. ஈமு பீல்டின் முதல் குண்டுக்குப் பிறகு வலட்டினா பக்கம் ஒரு கரும்புகார் உருண்டு வந்ததாக அங்கிருந்த யங்குனிட்ஜாட்ஜரா மக்கள் சொன்னார்கள். அப்ப சிறுவனாக இருந்த யாமி லெஸ்ரர் பிறகு கண்பார்வையை இழந்தார். வளர்ந்து, அந்தக் கதையை நாட்டுக்குச் சொன்னவரும் அவர்தான். 1984 இல் விசாரணைக்கு ஓர் அரச ஆணைக்குழு அமைக்க வேண்டி வந்ததற்கு அவரைப் போன்றவர்களின் விடாப்பிடி முக்கிய காரணம்.

இன்னொன்று. 1957 மே மாதம், மரலிங்காவில் அதுக்கு முந்தின ஒக்ரோபரில் வெடித்த ஒரு குண்டின் கிடங்குக்குப் பக்கத்தில் ஒரு குடும்பம் இராத்தங்கியிருந்ததைப் படையினர் கண்டார்கள். தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள், வேட்டை நாய்கள். அவர்கள் தங்கட வழமையான பாதையில் நடந்து வந்தவர்கள், அவ்வளவுதான். அவர்களைக் கழுவித் துடைத்து ஒரு வாகனத்தில் ஏற்றித் தெற்கே அனுப்பினார்கள். நாய்களைச் சுட்டார்கள். கண்ட படையினருக்கு வாய் திறக்கக்கூடாது எண்டு கட்டளை. அந்தத் தாய் அப்ப கர்ப்பிணி. பிள்ளை இறந்து பிறந்தது.

ஆளில்லாத நிலத்தில்.

இப்ப "சாகச" ஓட்டக்காரரின் கனவுப் பாதைகளுக்கு வருவோம். கன்பேரல் நெடுஞ்சாலை, ஆன் பீடெல் நெடுஞ்சாலை, கொனி சூ நெடுஞ்சாலை. பெயரில்தான் நெடுஞ்சாலை; மணலும் கல்லும் உடைஞ்ச தடமும். இவற்றை ஓடி முடிச்சவர்கள் அதை நெஞ்சில் பதக்கம் போலக் குத்திக்கொண்டு திரிவார்கள். இந்த ரோட்டுகள் எல்லாம் 1955 தொடக்கம் 1963 வரை லென் பீடெல் எண்ட அளவையாளரின் குழு வெட்டினவை, மொத்தம் 6,000 கிலோமீற்றருக்கு மேல். எதுக்கு வெட்டினார்கள்? ஏவுகிற ரொக்கெற்றின் வழித்தடத்தைப் பார்க்கவும், காலநிலை நிலையம் அமைக்கவும், குண்டு வெடிக்கிற இடத்துக்குப் போய்வரவும். ஆன் பீடெல் பாதை ஈமு பீல்டுக்குள்ளாலேயே போகிறது. மனிசியின்ர பெயர் ஒரு ரோட்டுக்கு, மகளின்ர பெயர் இன்னொன்றுக்கு, மகனின்ர பெயர் மற்றதுக்கு. தன்ர வீட்டு மதிலுக்குப் பெயர் வைக்கிற மாதிரி ஒரு மனிதர் ஒரு பாலைவனத்துக்கே பெயர் வைத்தார். அந்த மண்ணுக்கு அதுக்கு முதலே ஊர்ப்பெயர், கிணற்றுப்பெயர், கதைப்பெயர் எண்டு ஆயிரம் இருந்தது. ஊருக்குப் பெயர் மாற்றினால் என்ன நடக்கும் எண்டதை எங்களுக்கு ஆரும் பாடம் எடுக்கத் தேவையில்லையே?

கானிங் ஸ்ரொக் றூட் இன்னும் பெரிய பதக்கம். ஹோல்ஸ் கிறீக்கில் இருந்து வில்லூனா வரை சுமார் 1,850 கிலோமீற்றர், மாடு சாய்த்துக்கொண்டு போவதற்காக 1906 இல் அளக்கத் தொடங்கிய பாதை. வழியில் ஐம்பது அளவில் கிணறுகள். அந்தத் தண்ணி இருக்கிற இடங்களை அல்பிரட் கானிங் எப்படிக் கண்டுபிடித்தார்? பாலைவனத்து மக்களைப் பிடித்துச் சங்கிலியால் கட்டி, வழிகாட்ட வைத்து. அவருடைய குழுவில் போன சமையல்காரர் ஒருவரே முறைப்பாடு செய்து, 1908 இல் அரச ஆணைக்குழு விசாரித்தது. சங்கிலி போட்டதைக் கானிங் மறுக்கவே இல்லை. ஆணைக்குழு அவரைக் குற்றமில்லை எண்டு விட்டது. இண்டைக்கு அந்தக் கிணறுகளின் இலக்கத்துக்கு முன்னால் நிண்டு படம் எடுக்கிறோம். ஒவ்வோர் இலக்கத்துக்குப் பின்னாலும் ஒரு கழுத்து இருந்திருக்கு.

"சும்மா ஒரு றைட் போனதுக்கு இவ்வளவு கதையே?" எண்டு என்னோடு ஓடின மச்சானே கேட்டான். அவன் மெல்பேர்ணில் பிறந்து வளர்ந்தவன், கோபக்காரன் இல்லை. பயணம் எண்டது மனசுக்கு, அதுக்குள்ள அரசியலை ஏன் இழுக்கிறாய் எண்டு அவனுடைய வாதம். நியாயமான கேள்விதான், இதைப் பலரும் கேட்பீர்கள். என்ர பதில் இதுதான்: இழுத்தது நான் இல்லை. "ஆளில்லை" எண்டு நீங்கள் கமராவில் சொல்லுற கணம் நீங்கள் ஒரு பக்கம் எடுத்துவிட்டீர்கள். அந்த ஒரு சொல்லில்தான் ஒரு கண்டத்தையே எழுதி எடுத்தார்கள். ஆருக்கும் சொந்தமில்லாத நிலம் எண்ட அந்தச் சட்டக் கட்டுக்கதையை உடைக்க எடி மாபோவும் கூட்டாளிகளும் பத்து வருசம் வழக்காடினார்கள். 1992 யூன் 3 ஆம் திகதி உயர்நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொல்ல முதல் மாபோ இறந்துபோனார். நீதிமன்றமே கைவிட்ட பொய்யை ஒரு மோட்டார் சைக்கிளில் ஏறி மறுபடியும் கொண்டு திரிவானேன்?

அதுவும் ரோட்டே உங்களுக்குச் சொல்லித் தருகிறது, கண்ணைத் திறந்தால். ரெனன்ற் கிறீக்குக்கு வடக்கே அற்றாக் கிறீக் எண்டு ஒரு தரிப்பிடம் வரும். எந்த மனிதரின் பெயரில் அந்த நெடுஞ்சாலை இருக்கிறதோ, அந்த ஜோன் மக்டூவல் ஸ்ருவேர்ட் 1860 யூனில் அங்கே வரைக்கும் வந்து, வருமுங்கு மக்கள் எதிர்த்து நிண்டதால் திரும்பிப் போனார். பிறகு இரண்டு வருசம் கழித்துத்தான் வடகரையைத் தொட்டார். ஆளில்லாத நிலம் அவரைத் திருப்பி அனுப்பியிருக்கு! கூபர் பீடி எண்ட பெயரையே எடுங்கோ. நிலத்துக்குக் கீழே தோண்டி ஓப்பல் எடுக்கிற ஊர், வெயிலுக்குப் பயந்து வீடும் தேவாலயமும் கூட நிலத்துக்குள். "வெள்ளையரின் பொந்து" எண்டதுதான் அந்தப் பெயருக்குப் பொதுவாகச் சொல்லப்படும் பொருள், ஆதிக்குடி மொழியில் இருந்து வந்தது. வெள்ளைக்காரர் பொந்து தோண்டுறதைப் பக்கத்தில் நிண்டு பார்த்துச் சிரிச்சவர்கள் வைத்த பெயர். ஒருத்தருமே இல்லாட்டி ஆர் சிரிச்சது?

நலர்போர் இதுக்கு நேர்மாறு. கேட்க ஆதிக்குடிப் பெயர் போலக் கிடக்கும், ஆனா லத்தீன். மரமில்லாதது எண்டு பொருள். அந்த வெளியை ஊடறுக்கிற நெடுஞ்சாலைக்கு எட்வேர்ட் ஐயர் எண்டவரின் பெயர். (தமிழில் எழுதினால் அவர் கோயிலில் பூசை செய்யிற ஐயர் மாதிரித்தான் இருக்கிறார், என்ன செய்ய.) 1841 இல் அவர் இந்தக் கரையோரமாக மேற்கே போனபோது, கடைசி மாதங்களில் அவரோடு உயிர் தப்பி அல்பனி வரை நடந்த ஒரே ஆள் வைலி எண்ட நூங்கார் இளைஞன். கங்காருவும் மீனும் பிடிச்சு இரண்டு வயிற்றையும் நிரப்பினதில் பெரும்பங்கு அவனுடையது. அவனுக்கு அது சாதனைப் பயணம் இல்லை, ஊருக்குத் திரும்பினது. ஐயர் பெயர் பலகைக்குப் பலகை இருக்கிறது. வைலியின் பெயரைத் தேடித்தான் பிடிக்கவேணும்.

"முதல் தமிழன்" எண்ட பட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். முதலாவதாக ஓடினது நான் எண்டு ஆளுக்காள் அடிபடுவதைப் பார்க்கச் சிரிப்பு வரும். 1860 களில் இருந்தே இந்தப் பாலையில் ஒட்டகம் சாய்த்துச் சாமான் சுமந்தவர்கள் இந்தியத் துணைக்கண்டத்தில் இருந்தும் ஆப்கானிஸ்தானில் இருந்தும் வந்த எங்கட நிற மனிசர். ரோட்டும் ரயிலும் வர முதல் தந்திக் கம்பியும் மாவும் அவர்களின் ஒட்டகத்தில்தான் போனது. 1901 இல் வெள்ளை அவுஸ்திரேலியாச் சட்டம் வந்ததும், ஐம்பது சொல்லை ஓர் ஐரோப்பிய மொழியில் எழுதிக் காட்டு எண்டு வாசலை மூடினார்கள். தார் ரோட்டில், கைபேசி வழிகாட்ட, நாங்கள் எதில் முதல்? மோட்டார் சைக்கிளில் எண்டு சொல்லவேண்டுமானால் வினிபிரட் வெல்ஸை நினையுங்கோ. 1950 கடைசியில், 22 வயதில், 350 சீசீ றோயல் என்பீல்ட் புல்லட் ஒன்றில் தனியாகச் சிட்னியில் இருந்து பேர்த் போய்த் திரும்பி வந்த பெண். நலர்போர் ரோட்டு முழுசாகத் தார் கண்டது 1976 இல். அவ ஓடினது புழுதியில்.

இனி, இந்த ஒன்பதாயிரம் கிலோமீற்றரில் என்னை மிகவும் உறுத்தின விசயத்துக்கு வருகிறேன். வூமெரா ஊருக்குள் போனால் பழைய ரொக்கெற்றுகளை நிறுத்தி வைத்திருப்பார்கள், எல்லா பைக்காரரும் அதுக்குப் பக்கத்தில் நிண்டு படம் எடுப்பார்கள். அதே வூமெராவில்தான் 1999 தொடக்கம் 2003 வரை அகதிகளை அடைத்து வைத்த தடுப்பு முகாம் இருந்தது. 2002 யனவரியில் உள்ளே இருந்தவர்கள் சாப்பாட்டை மறுத்து, உதட்டை ஊசி நூலால் தைத்துக்கொண்டார்கள். ஏன் அந்த இடம்? பத்திரிகைக்காரனும் வழக்கறிஞரும் லேசில் போய்ச்சேர ஏலாது, கத்தினால் கேட்க ஆளில்லை. குண்டு வெடிக்கத் தேடின அதே குணத்தைத்தான் ஆளை அடைக்கவும் தேடினார்கள்.

மேற்கில் டேர்பி. கிப் றிவர் ரோட்டு தொடங்குகிற ஊர், 660 கிலோமீற்றர், உலகம் முழுக்க இருந்து ஓட்டக்காரர் வந்து குவிவார்கள். ரயரில் காற்றைக் குறைத்து, பெற்றோல் நிரப்பி, பெயர்ப்பலகையில் ஸ்ரிக்கர் ஒட்டி, ஒரே ஆரவாரம். அந்த ஊரில் இருந்து நாற்பது கிலோமீற்றர் அளவில் கேர்ட்டின் விமானப்படைத் தளம். 2010 ஏப்ரலில் இலங்கையரதும் ஆப்கானியரதும் அகதி விண்ணப்பங்களைப் பார்க்கமாட்டோம் எண்டு அவுஸ்திரேலியா நிறுத்தி வைத்தபோது, அந்தத் தளத்தில் இருந்த முகாமைத் திரும்பத் திறந்தார்கள். எங்கட பெடியள் அங்கே மாசக்கணக்கில், சிலர் வருசக்கணக்கில் கிடந்தார்கள். வன்னியில் இருந்து தப்பி, கடலில் தப்பி, கடைசியில் நாங்கள் "வாழ்க்கையில் ஒருக்கா எண்டாலும் பார்க்கவேணும்" எண்டு சொல்லுற கிம்பர்லி நிலத்தைக் கம்பி வேலியால் பார்த்தார்கள். டேர்பியில் இருந்து வீடியோ போட்ட தமிழ் ஓட்டக்காரர் ஒருவர்கூட அந்தச் சொல்லைச் சொல்லேல்லை. பாவோபாப் மரத்தைக் காட்டினார்கள்.

மேற்குக் கரையோரத்தில் ஒரு ரோட்ஹவுஸில் சமையல் செய்கிறவர் முல்லைத்தீவுக்காரர். நான் ஹெல்மெற்றைக் கழற்றிவிட்டு மச்சானோடு கதைச்சது கேட்டு உள்ளே இருந்து வந்தார். 2012 இல் வள்ளத்தில் வந்தவர். விண்ணப்பம் நிராகரிச்சு, மேன்முறையீடு, பிறகு தற்காலிக விசாவில் ஆறு மாசத்துக்கு ஒருக்கா நீட்டிப்பு. எத்தினை கிலோமீற்றர் ஓடினனீர் எண்டு அவர் கேட்கேல்லை. "தம்பி, உமக்கு ஊருக்குப் போட்டுத் திரும்பி வர விடுவினமோ?" எண்டு கேட்டார். விடுவினம் அண்ணை எண்டன். "அப்ப அம்மாவைப் பாத்திருப்பீர்" எண்டார். அவருடைய அம்மாவைப் பதின்மூன்று வருசம் கைபேசியில்தான் கண்டிருக்கிறார். பிறகு பருப்பும் சோறும் போட்டுத் தந்து, காசு வாங்க மறுத்துவிட்டார்.

இந்த நிலத்தை ஊடறுத்து ஓடுறதைச் சாகசம் ஆக்குறது பைக் இல்லை, பாஸ்போட்டில் ஒட்டியிருக்கிற விசா. என்னட்டை அது இருந்ததால் நான் பயணி. அவரிட்டை அது இல்லாததால் அவர், அதைவிடப் பத்து மடங்கு ஆபத்தான பயணம் ஒன்றை முடித்தும், சட்டவிரோதி. கடலால் வந்தால் இஞ்ச ஒருக்காலும் குடியேற ஏலாது எண்டு தமிழிலும் சிங்களத்திலும் அவுஸ்திரேலிய அரசாங்கம் செய்த விளம்பரங்களை எங்கட ஊரில் காணாதவர் ஆர்? அதே நாட்டின் சுற்றுலா விளம்பரத்தை நாங்கள் காசு வாங்காமல் ட்ரோன் விட்டு எடுத்துக் கொடுக்கிறோம்.

நியாயத்துக்கு ஒன்றைச் சொல்லவேணும். குயீன்ஸ்லாந்தின் உள்நாட்டில் பிலோயெலா எண்டு ஓர் இறைச்சித் தொழிற்சாலை ஊர். அங்கே வாழ்ந்த தமிழ்க் குடும்பம் ஒன்றை 2018 மார்ச்சில் விடியப்புறம் வந்து பிடித்துக்கொண்டு போய், மெல்பேர்ணிலும் பிறகு கிறிஸ்மஸ் தீவிலும் அடைத்தார்கள். நாலு வருசம் அந்த ஊர்ச் சனம், அவர்களில் பெரும்பாலானோர் வெள்ளைக்காரர், தெருவில் நிண்டு, கையெழுத்து வாங்கி, 2022 யூனில் அந்தக் குடும்பத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். வெறுமை எண்டு நாங்கள் கடந்து போகிற உள்நாட்டில் இப்படியும் மனிசர் இருக்கிறார்கள். பார்க்கவேண்டிய இடம் எண்டு ஆரும் பட்டியல் போட்டால் பிலோயெலாவை முதலில் போடுங்கோ.

அனுமதி விசயம் ஒன்று பாக்கி. வூமெராப் பலகையைக் கண்டால் ஒருத்தரும் முணுமுணுப்பதில்லை. இராணுவம் சொன்னால் சரி. ஆனா உலுருவில் இருந்து மேற்கே போகிற கிறேற் சென்றல் றோட்டை ஓட ஆதிக்குடி நிலங்களைக் கடக்கும் அனுமதிப் பத்திரம் எடுக்கவேணும் எண்டால் மட்டும் எல்லாருக்கும் கோபம் வரும். "ரோட்டு எல்லாருக்கும் பொதுதானே, இவைட்டை ஏன் கேட்கவேணும்?" உலுரு 1985 இல் அனங்கு மக்களிடம் திரும்பக் கையளிக்கப்பட்டது. தங்களுக்குப் புனிதமான அந்தக் கல்லில் ஏறவேண்டாம் எண்டு அவர்கள் வருசக்கணக்காகக் கேட்டும் சனம் ஏறியது; 2019 ஒக்ரோபர் 26 இல் ஏறுவதைச் சட்டப்படி நிப்பாட்டினார்கள். அதுக்கு முந்தின நாட்களில் கடைசியாக ஒருக்கா ஏறிப்போட்டு வர வரிசை கட்டினார்கள். "ஏற விடேல்லை, ஏமாற்றமாப் போச்சு" எண்டு தமிழில் சொன்ன ஒரு குரலை நான் கேட்டன். நல்லூர்க் கோபுரத்தில் ஆரும் வெளிநாட்டுக்காரன் ஏறி நிண்டு ஹெல்மெற்றைத் தூக்கிக் காட்டினால் இந்தக் குரல் என்ன சொல்லியிருக்கும்?

ஓடவேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. நான் மறுபடியும் ஓடுவன், ராங் இன்னும் கழற்றேல்லை. முடித்துவிட்டு எழுதும்போது ஆருடைய நிலத்தால் போனீர்கள் எண்டதையும் எழுதுங்கோ எண்டுதான் கேட்கிறேன். அலிஸ் ஸ்பிறிங்ஸை அரெண்டே மக்கள் ம்பாண்ட்வே எண்டு சொல்லுவார்கள். ஒரு தரம் அந்தப் பெயரையும் சொன்னால் வீடியோ நீண்டுவிடாது. வேலிக்குள் கமராவைக் கொண்டு போக ஏலாவிட்டாலும், வேலி இருந்தது எண்டாவது சொல்லுங்கோ. எண்ணை எவ்வளவு குடித்தது, ரயர் எவ்வளவு தேய்ந்தது எண்டு எழுதுகிற அதே கவனம் போதும்.

அடுத்த மாதம் ஒரு நண்பர் பேர்த்தில் இருந்து உலுரு வரை வெளிக்கிடுகிறார். சாமான் பட்டியல் கேட்டார், அனுப்பினேன்: பெரிய ராங், இரண்டு உள் ரியூப், பத்து லீற்றர் தண்ணி, செயின் எண்ணெய். கடைசி வரியில், மேற்கு அவுஸ்திரேலியாப் பக்கத்துக்கு ஓர் அனுமதியும் வட பிரதேசப் பக்கத்துக்கு இன்னோர் அனுமதியும், நேரத்தோடேயே இணையத்தில் விண்ணப்பியுங்கோ எண்டு எழுதியிருந்தேன். எல்லாத்துக்கும் நன்றி சொல்லிப்போட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "அந்தக் கடைசி கட்டாயமோ? ஆரும் செக் பண்ணுவினமோ?"